உபதொழிலும் சர்க்கார் வரியும்: கட்டியதைக் கணக்கில் காட்டுவது எப்படி

(சங்கத்தின் எல்லைப்பகுதிக் கிளைகள் சேர்ந்து நடத்திய குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச்சின் தலைப்பு வரி என்று அறிவித்ததுமே பின்வரிசையில் சிலர் டீ குடிக்கக் கிளம்பிவிட்டதைப் பார்த்தேன். அவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. கூலி உயர்வைப் பற்றிப் பேசினால் ரத்தம் சூடேறும். வரியைப் பற்றிப் பேசினால் தூக்கம்தான் வரும். ஆனாலும் கடந்த சில வருஷங்களாகச் சங்க அலுவலகத்துக்கு நம் குடும்பங்கள் கையில் எடுத்துக்கொண்டு வரும் காகிதங்களில் பாதி இந்த வரிக் காகிதம்தான். ஆகவே பேசித்தான் தீர வேண்டும்.

நம் ஜனங்களுக்கு உபதொழில் ஏன் வந்தது? பொழுது போகாமல் யாரும் பெட்டிக்கடை வைக்கவில்லை. 2015 செப்டம்பரில் மூணாறில் கொழுந்து பறிக்கும் பெண்கள் தெருவில் இறங்கியபோது தேயிலைத் தோட்டத் தினக்கூலி 232 ரூபாய். அந்தப் பெரும் போராட்டத்துக்குப் பிறகு தேயிலைக்கு 301, ஏலத்துக்கு 330, ரப்பருக்கு 381 என்று ஒப்பந்தமாயிற்று. அதற்கு முன்பே, 2000-க்குப் பிறகு, பீர்மேட்டுப் பக்கம் பல தோட்டங்கள் பூட்டப்பட்டு லயத்தில் அடுப்பெரியாத காலத்தையும் கண்டவர்கள் நாம். அப்போது ஒருவர் தையல் மிஷின் போட்டார், ஒருவர் மாவு அரைத்து விற்றார், ஒருவர் குமுளியில் தள்ளுவண்டி வைத்தார். பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறையிலும் கோவிந்தாபுரத்திலும், வீட்டுக் கொல்லையில் எண்ணெய்ச் சட்டி வைத்து நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கூலி போதாமையால் பிறந்த தொழில்கள் இவை. இவற்றின் மேலும் வரி உண்டு. அதை எந்த அளவுக்குக் கட்ட வேண்டும், எப்படிக் காட்ட வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் ஒரு நல்ல செய்தி. உங்களில் பெரும்பாலோர் ஜி.எஸ்.டி. பதிவே எடுக்க வேண்டியதில்லை. சரக்கு மட்டும் விற்கிறவருக்கு, மாநிலத்துக்குள்ளேயே விற்பனை என்றால், வருஷத்துக்கு 40 லட்சம் ரூபாய் வரை பதிவு கட்டாயமில்லை. 2019 ஏப்ரல் முதல் கேரளத்தில் இந்த வரம்புதான். அது நாள் ஒன்றுக்குச் சுமார் 11,000 ரூபாய் விற்பனை. லயத்துப் பெட்டிக்கடையில் அது நடக்காது. ஆனால் சேவை என்று வந்தால் வரம்பு 20 லட்சம். தையல் சேவை, சலூன் சேவை. டீக்கடையும் சாப்பாட்டுக் கடையும்கூடச் சட்டத்தின் கண்ணில் சேவைதான். 20 லட்சம் என்றால் நாள் ஒன்றுக்குச் சுமார் 5,500 ரூபாய். சபரிமலை சீசனில் வண்டிப்பெரியாறிலும் குமுளியிலும் சாலையோரக் கடை நடத்துகிறவர்கள் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மாத ஓட்டத்தில் வருஷக் கணக்கே மேலேறிவிடும்.

காய்கறி, உதிரிப்பூ, கறந்த பால் இவற்றை மட்டுமே விற்கிறவருக்கு, அவை வரியில்லாத பொருள்கள் ஆகையால், எவ்வளவு விற்றாலும் பதிவு வேண்டாம். தன் நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயிக்கும் வேண்டாம். காய்கறியோடு சோப்பும் பிஸ்கட்டும் சேர்த்து விற்கும் கடைக்காரர்தான் கவனிக்க வேண்டும். அந்த 40 லட்சத்தைக் கணக்கிடும்போது வரியில்லாத காய்கறி விற்பனையும் சேர்ந்தே எண்ணப்படும். ஆளுக்கு ஒரு பான் எண், அந்த எண்ணுக்கு ஒரு கணக்கு. தோட்டத்தில் வாங்கும் கூலி இந்த விற்பனைக் கணக்கில் சேராது.

இனி எல்லைக்கு வருகிறேன். நாம் எல்லையில் வாழ்கிறவர்கள். நமக்கு வாளையாறும் வேலந்தாவளமும் கோபாலபுரமும், அந்தப் பக்கம் கம்பம்மெட்டும் போடிமெட்டும் சின்னாறும் வெறும் ஊர்ப் பெயர்கள். வரிச் சட்டத்துக்கு அவை கோடு. கோட்டைத் தாண்டி வரியுள்ள சரக்கை விற்றால் அந்த 40 லட்ச வரம்பு கிடையாது. கொல்லையில் போட்ட சிப்ஸைப் பொள்ளாச்சிக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போட்டால், முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். அதுவும் சாதாரண முழுப் பதிவு. கம்பத்துக்காரர் குமுளிக்கு வந்து, உங்கள் கடையில் காசு கொடுத்து, தன் பையில் போட்டுக்கொண்டு போனால் அது கேரளத்து விற்பனைதான், பயமில்லை. நீங்கள் வண்டியில் ஏற்றிக் கம்பத்தில் இறக்கினால்தான் அது மாநிலம் தாண்டிய விற்பனை. சரக்கை வாங்குவதற்கு இந்தத் தடை இல்லை. பொள்ளாச்சியிலும் தேனியிலும் வாங்கி இங்கே விற்பதில் குற்றமில்லை. தையல் போன்ற சேவைக்கு எல்லை தாண்டினாலும் அதே 20 லட்ச வரம்பு உண்டு. வாளையாற்றில் தைத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பும் தங்கை பயப்பட வேண்டாம்.

எல்லைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் பதிவு எண்ணில் இருக்கிறது. பதிவு எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. சொந்த வீடு கூடலூரில், கடை குமுளியில் என்று இருக்கும் குடும்பத்துக்கு, வீட்டு முகவரியைப் போட்டு 33-ல் பதிவு எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பதிவு குமுளிக் கடைக்குச் செல்லாது. கடை எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தில்தான் பதிவு. அவர் கட்டும் பணத்தில் மாநிலப் பங்கு போக வேண்டிய கஜானா ஒன்று, போய்ச் சேரும் கஜானா வேறு. பின்னால் குமுளிக் கடைக்கு நோட்டீஸ் வரும்போது "நான்தான் கட்டினேனே" என்று சொன்னால் எடுபடாது. இதைக் கேட்டதும் இங்கே இரண்டு மூன்று பேர் முகம் மாறுவதைப் பார்க்கிறேன். கூட்டம் முடிந்ததும் இருங்கள், காகிதத்தைப் பார்ப்போம்.

பதிவு கட்டாயமில்லாதவரும் சில காரணங்களால் பதிவு எடுக்கிறார். ரிசார்ட்டுக்குச் சரக்கு போட்டால் பில் கேட்கிறார்கள். பாங்கில் லோன் கேட்டால் பதிவு கேட்கிறார்கள். எடுப்பது தவறென்று நான் சொல்லவில்லை. எடுத்தபின் என்ன கடமை என்று தெரிந்து எடுக்க வேண்டும். சின்ன வியாபாரிக்கு உள்ள வழி காம்போசிஷன் திட்டம். ஒவ்வொரு பில்லுக்கும் வரி போடாமல், மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைக் கட்டிவிடும் முறை. வாட் காலத்தில் மலையாளத்தில் இதே மாதிரி ஏற்பாட்டை 'அனுமான நிகுதி' என்று சொல்வார்கள். பழைய கடைக்காரர்களுக்கு நினைவிருக்கும். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபின் பெயர் மாறியது, கருத்து அதுவேதான்.

விகிதத்தைச் சொல்கிறேன். சரக்கு செய்கிறவருக்கும் வாங்கி விற்பவருக்கும் 1 சதவீதம். சாப்பாட்டுக் கடைக்கு 5 சதவீதம். மற்ற சேவைக்கு 6 சதவீதம். இதில் சரிபாதி மத்திய சர்க்காருக்கு, சரிபாதி மாநில சர்க்காருக்கு. வாங்கி விற்கும் கடைக்காரர் வரியுள்ள சரக்கின் விற்பனைக்கு மட்டும் 1 சதவீதம் கட்டினால் போதும். சாக்கைப் பிரித்து அளந்து போடும் அரிசிக்கும் காய்கறிக்கும் கட்ட வேண்டாம். பலர் தெரியாமல் எல்லாவற்றுக்கும் சேர்த்தே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தானே தயாரித்து விற்பவர் மட்டும் மொத்தத்துக்கும் கட்ட வேண்டும். செங்கல் அறுக்கிறவர்களுக்கு 2022 ஏப்ரல் முதல் இந்தத் திட்டமே கிடையாது. சித்தூர்ப் பக்கத்துத் தோழர்கள் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லை தாண்டிச் சரக்கு விற்பவருக்கும் இந்தத் திட்டம் கிடையாது.

இந்த 1 சதவீதத்தை வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கக் கூடாது. நம் லாபத்திலிருந்து கொடுப்பது அது. வாங்கிய சரக்கில் நாம் ஏற்கெனவே கொடுத்த வரியையும் கழித்துக்கொள்ள முடியாது. பெரிய கம்பெனிக்கு அந்தக் கழிவு உண்டு, லயத்துக் கடைக்காரருக்கு இல்லை. சுலபமான முறை என்று சொல்லிச் சின்னவன் தலையில் கட்டியது இது. இதை எதிர்த்துப் பேச வேண்டிய இடத்தில் சங்கம் பேசத்தான் வேண்டும். இருந்தாலும் சட்டம் இருக்கிறவரை அபராதம் கட்டாமல் நடந்துகொள்ளும் வழியைப் பார்ப்போம்.

மூன்று மாதம் முடிந்து, அடுத்த மாதம் 18-ஆம் தேதிக்குள் 'சி.எம்.பி. 08' என்ற விவரத்தைக் கொடுத்துப் பணம் கட்ட வேண்டும். ஜூலை, அக்டோபர், ஜனவரி, ஏப்ரல், இந்த நான்கு மாதங்களின் 18-ஆம் தேதி. பதினெட்டு நாளில் எந்தச் சின்னக் கடையில் கணக்கு முழுதாகச் சேருகிறது? கடன் கொடுத்தது நோட்டில் இருக்கும். ரிசார்ட்டுக்குப் போட்ட சரக்கில் பாதி திரும்பி வரும். ஆகவே நடைமுறையில் நம்மவர்கள் ஒரு மதிப்புப் போட்டுத்தான் கட்டுகிறார்கள். ஒருமுறை அனுப்பிய சி.எம்.பி. 08-ஐத் திருத்த முடியாது. வருஷக் கடைசியில் ஒரு கணக்குக் காட்ட வேண்டும், அதன் பெயர் 'ஜி.எஸ்.டி.ஆர். 4'. முன்பு ஏப்ரல் 30 கெடு. 2024-25 கணக்கு வருஷத்திலிருந்து ஜூன் 30 ஆக்கியிருக்கிறார்கள். நான்கு தடவை மதிப்புப் போட்டுக் கட்டியதும், உண்மையான விற்பனையும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் இதுதான். நம் ஜனங்கள் பணத்தைத் தொலைப்பதும் இங்கேதான்.

ஓர் உதாரணம் போடுகிறேன். சிப்ஸ் போடும் ஓர் அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதம் விற்பனை 2,80,000. வரி 2,800. அடுத்தது மழைக்காலம், 2,40,000. வரி 2,400. மூன்றாவது சீசன், 4,10,000. வரி 4,100. கடைசி மூன்று மாதம் 3,50,000. வரி 3,500. ஆக மொத்தம் விற்பனை 12,80,000, கட்டிய வரி 12,800. இதில் 6,400 டில்லிக்கு, 6,400 திருவனந்தபுரத்துக்கு. நான்கு செலானும் கையில் இருக்கிறது. வருஷம் முடிந்து நோட்டைக் கூட்டிப் பார்த்தால் உண்மையில் விற்றது 13,00,000. அப்படியானால் வரி 13,000. மீதி 200 ரூபாயையும் அதற்குரிய வட்டியையும் வருஷக் கணக்கோடு கட்டிவிட்டால் தீர்ந்தது. வட்டி வருஷத்துக்கு 18 சதவீதம். 200 ரூபாய்க்கு அது எத்தனை ரூபாய் ஆகிவிடும்? இவ்வளவுதான் கணக்கு.

இப்போது தவறு நடக்கும் இடத்தைப் பாருங்கள். ஜி.எஸ்.டி.ஆர். 4-ஐத் திறந்தால், ஐந்தாம் அட்டவணையில் நீங்கள் சி.எம்.பி. 08-ல் காட்டிக் கட்டிய தொகை தானாகவே வந்து நிற்கும். அதைப் பார்த்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையன் "எல்லாம் வந்துவிட்டது அக்கா" என்று சொல்லி அனுப்புகிற பித்தானை அழுத்திவிடுகிறான். ஆறாம் அட்டவணை காலியாக நிற்கிறது. வருஷத்தின் உண்மை விற்பனையை நாமே எழுத வேண்டிய இடம் அது. அது காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் என்ன புரிந்துகொள்ளும்? "இவருக்கு இந்த வருஷம் விற்பனையே இல்லை, வரியும் இல்லை, ஆனால் 12,800 ரூபாய் கட்டியிருக்கிறார், ஆகவே அது அதிகப்படி" என்று புரிந்துகொண்டு, அந்தப் பணத்தை மிகைத் தொகையாக எழுதிவிடும். அடுத்த காலாண்டில் வரி கட்டப் போனால், "உங்கள் பணம் இருக்கிறது, கட்ட வேண்டாம்" என்று அதில் கழித்துக்கொள்ளும்.

ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். சர்க்கார் பணத்தைத் திருப்பித் தருகிறது என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். நாட்டில் எத்தனையோ சிறு வியாபாரிகளுக்கு இந்த மாதிரி நடந்து, 2022 வாக்கில் ஜி.எஸ்.டி. இணையத்தை நடத்தும் அமைப்பே அறிவிப்பு வெளியிட்டு, அப்படித் தவறாகச் சேர்ந்த தொகையை அவரவர் பணக் கணக்கிலிருந்து பற்று எழுதி, பாக்கியைக் கட்டச் சொல்லிற்று. கழித்துக்கொண்ட வரியைத் திரும்பக் கேட்டால் கூலிக்காரக் குடும்பம் எங்கே போகும்? ஒரு காலி அட்டவணையால் வந்த வினை இது. கணக்கு எழுதிக் கொடுப்பவர் யாராக இருந்தாலும், அனுப்புமுன் "ஆறாம் அட்டவணையில் என் விற்பனை எழுதியாயிற்றா?" என்று கேளுங்கள். வேறொன்றும் தெரியாவிட்டாலும் இந்த ஒரு கேள்வி போதும்.

விற்பனை இல்லாத காலாண்டிலும் 'இல்லை' என்று விவரம் கொடுக்க வேண்டும். அதைப் பதிவுசெய்த கைபேசியிலிருந்து 14409 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியே முடிக்கலாம். ஆனால் அந்தக் கைபேசி யாருடையது? நான் பார்த்த பல பதிவுகளில் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் ஏஜண்டுடையவை. நோட்டீஸ் அவருக்குப் போகிறது, ரகசிய எண்ணும் அவருக்குப் போகிறது. அவர் கடையை மூடிக்கொண்டு போனால் நம் பதிவின் சாவியே தொலைந்த மாதிரி. எண்ணை மாற்றிக்கொள்ள வழி உண்டு, உடனே மாற்றுங்கள். வருஷக் கணக்கைத் தாமதமாகக் கொடுத்தால் நாளுக்கு 50 ரூபாய், அதிகபட்சம் 2,000. விற்பனையே இல்லாதவருக்கு நாளுக்கு 20, அதிகபட்சம் 500. கெடு கழிந்து மூன்று மாதத்துக்கு மேலும் கொடுக்காமல் விட்டால் பதிவையே ரத்துச் செய்யலாம்.

பணம் கட்டும்போது 10,000 ரூபாய் வரை செலானை எடுத்துக்கொண்டு பாங்குக் கவுண்டரிலேயே கட்டலாம். கட்டிய செலானின் மேல் எந்தக் காலாண்டு என்று பேனாவால் எழுதி, ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். செலானில் பணம் போட்டுவிட்டாலே வரி கட்டியாயிற்று என்று நினைப்பவர்கள் உண்டு. செலான் பணம் உங்கள் பணக் கணக்கில் போய் நிற்கும், அவ்வளவுதான். சி.எம்.பி. 08-ஐ அனுப்பி அதிலிருந்து கழித்த பிறகுதான் அது வரி ஆகும்.

பஞ்சாயத்துக்குக் கட்டும் தொழில் வரியைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். கேரளத்தில் அதை ஊராட்சியும் நகராட்சியும் அரையாண்டுக்கு ஒருமுறை வாங்குகின்றன. 2024 அக்டோபரிலிருந்து படிகள் உயர்ந்திருக்கின்றன. அரையாண்டு வருமானம் 12,000 முதல் 17,999 வரை 120 ரூபாயாக இருந்தது 320 ஆயிற்று. 18,000 முதல் 29,999 வரை 180 இருந்தது 450 ஆயிற்று. 30,000 முதல் 44,999 வரை 300 இருந்தது 600. அதற்கு மேலே 1,25,000-க்கும் அதற்கு மேலும் சம்பாதிக்கிறவருக்குப் பழையபடி 1,250 ரூபாய்தான். கீழ்ப்படிகளில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது, உச்சியில் ஒரு பைசா ஏறவில்லை. காரணம் அரசியல் சட்டத்தில் இருக்கிறது. 276-ஆம் பிரிவின்படி தொழில் வரி ஆளுக்கு வருஷத்துக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது. 1988-ல் வைத்த அந்த உச்சவரம்பு இன்றும் அதேதான். மேலே ஏற்ற இடமில்லை என்பதால் கீழே இருப்பவர்களிடம் ஏற்றிவிட்டார்கள்.

தோட்டத்தில் வேலை செய்து கொண்டே கடை வைத்திருக்கிறவருக்குச் சம்பளத்திலேயே தொழில் வரி பிடித்திருப்பார்கள். கடைக்கும் பஞ்சாயத்திலிருந்து கேட்பு வந்தால், சம்பளத்தில் பிடித்ததற்கான சான்றை ஆபீசில் கேட்டு வாங்கி, அதோடு ஒரு மனுக் கொடுங்கள். கடை ஓர் ஊராட்சியில், வேலை வேறு ஊராட்சியில் என்றாலும் அந்த ரசீதைக் காட்டித்தான் பேச வேண்டும். உங்கள் வருமானத்தை அவர்களாக மதிப்பிட்டது அதிகம் என்று தோன்றினால் விற்பனை நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். நோட்டே இல்லாதவருடைய மதிப்பை எழுதுகிறவர் பேனாதான் தீர்மானிக்கும்.

வருமான வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நம்மில் அநேகருக்கு அது வராது. சிறு வியாபாரிக்கு அனுமான முறை ஒன்று உண்டு. மொத்த விற்பனையில் ரொக்கமாக வந்ததற்கு 8 சதவீதம், பாங்கு வழியாக, கைபேசி வழியாக வந்ததற்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டினால் விரிவான கணக்குப் புத்தகம் கேட்கமாட்டார்கள். நம் சிப்ஸ் அக்காவின் 13,00,000-க்கு 8 சதவீதம் 1,04,000 ரூபாய். வரி விழும் உயரத்துக்கு அது வெகு தூரம். இந்த முறையில் போகிறவர், கட்டிய ஜி.எஸ்.டி.யையும் தொழில் வரியையும் செலவு என்று மறுபடி கழிக்க முடியாது, அந்த 8 சதவீதத்திலேயே எல்லாச் செலவும் அடக்கம். முறையாகக் கணக்குப் புத்தகம் எழுதி உண்மை லாபத்தைக் காட்டுகிறவர், காம்போசிஷனில் கட்டிய 13,000 ரூபாயை வியாபாரச் செலவாக எழுதலாம். ஆனால் உண்மையில் கட்டி முடித்ததைத்தான் எழுதலாம், கட்டப்போவதை எழுதக் கூடாது. ஆண்டு வருமான வரி 10,000 ரூபாயும் அதற்கு மேலும் வருகிறவர் முன்கூட்டியே கட்ட வேண்டும். அனுமான முறையில் இருப்பவருக்கு மார்ச் 15-க்குள் ஒரே தவணை.

இங்கே ஒரு தாய் எழுந்து கேட்டார்: "பதிவு எடுத்தால் ரேஷன் கார்டு போய்விடுமா?" இந்தப் பயத்தினால்தான் பலர் கணக்கையே மறைக்கிறார்கள். முன்னுரிமைக் கார்டிலிருந்து நீக்கும் காரணங்களில் வருமான வரி கட்டுவது ஒன்று. ஜி.எஸ்.டி. பதிவு வருமான வரி ஆகாது. ஆனால் குடும்ப மாத வருமானம் 25,000-ஐத் தாண்டினாலும் முன்னுரிமை கிடையாது என்று விதி இருக்கிறது. ஆகவே விற்பனையையும் வருமானத்தையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மாதம் ஒரு லட்சத்துக்கு விற்கிறவருக்கு எண்ணெயும் காயும் விறகும் போக என்ன நிற்கிறது என்பதைக் காட்ட நோட்டு வேண்டும். கேட்கும் இடத்தில் "இதோ பாருங்கள்" என்று வைப்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கைபேசிப் பணம் பற்றி ஓர் எச்சரிக்கை. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். வணிக வரித்துறை, சிறு கடைக்காரர்கள் கைபேசி வழியாகப் பல வருஷம் வாங்கிய பணத்தைக் கூட்டிப் பார்த்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பிற்று. ஹாவேரியில் ஒரு காய்கறிக் கடைக்காரருக்கே 29 லட்சம் ரூபாய்க்கு நோட்டீஸ் போயிற்று. காய்கறிக்கு வரியே இல்லை! கடைக்காரர்கள் கூடிப் போராடிய பிறகுதான் பழைய பாக்கியைக் கேட்பதில்லை, இனிமேல் பதிவு எடுத்துக்கொள்ளட்டும் என்று மாநில சர்க்கார் இறங்கி வந்தது. நமக்கு அதில் பாடம் உண்டு. மகள் கல்யாணத்துக்கு வந்த மொய்யும், தம்பி திருப்பூரிலிருந்து அனுப்பிய பணமும், கடையின் விற்பனையும் ஒரே எண்ணுக்கு வந்தால், பார்க்கிறவனுக்கு எல்லாமே விற்பனையாகத்தான் தெரியும். கடைக்கென்று ஒரு பாங்குக் கணக்கு, ஒரு தட்டிப் படம். வீட்டுக்கு வேறு.

நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது? மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ வரும். படிக்கத் தெரியவில்லை என்று அடுப்பங்கரை மாடத்தில் செருகிவைக்காதீர்கள். கேரளத்தின் 1969-ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு ஓர் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. அறிவிக்கப்பட்ட சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள மாநில சர்க்கார் அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே தர வேண்டும். 1956-ல் எல்லை போட்டபோது இந்தப் பக்கம் நின்றுவிட்ட நமக்குக் கிடைத்த மிகச் சில எழுத்துபூர்வமான உரிமைகளில் அது ஒன்று. நாம் அதைப் பயன்படுத்துவதே இல்லை. மாநில வரி அலுவலகத்துக்கும் தமிழில் பதில் எழுதலாம். எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். சித்தூரிலும் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் காலாண்டுக் கெடுவுக்கு முந்திய வாரம் தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவரை உட்காரவைத்து விவரம் எழுதிக் கொடுக்க வேண்டுமென்று சங்கம் மனுக் கொடுக்கத் தீர்மானித்திருக்கிறது. மனுவில் உங்கள் கையெழுத்து வேண்டும். வாசலில் நோட்டு இருக்கிறது.

கடைசியாக, ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்து கொடுத்து, சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு தென்காசிக்கும் தேனிக்கும் போகிறோம். கடையையும் மூடிவிட்டுப் போகிறோம். பதிவு மட்டும் இங்கேயே உயிரோடு கிடக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது விவரம் கேட்டுக்கொண்டே இருக்கும். போகுமுன் ரத்துக்கு மனுப் போடுங்கள். ரத்து ஆன பிறகும் அந்த வருஷத்துக்கான ஜி.எஸ்.டி.ஆர். 4-ஐக் கொடுக்க வேண்டும். சித்திரையில் கிளம்புகிறவர்கள் இந்த மாதமே காகிதங்களோடு அலுவலகத்துக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் இருப்பார்கள். செலான் கோத்த கம்பியையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.